66 வயதில் லேபுக்குத் திரும்பியவர்

பெண் விஞ்ஞானிகளைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. எந்தக் கதவைத் தட்டினார், யார் திறக்க மறுத்தார்கள், கடைசியில் எப்படி உள்ளே போனார். மார்ச் 8 வந்தால் எங்கள் கல்லூரி அரங்கிலும் இதே கதை வெவ்வேறு பெயர்களோடு சொல்லப்படும். சொல்லப்பட வேண்டிய கதைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சில வருடங்களாக என்னை அரித்துக்கொண்டிருப்பது அந்தக் கதையின் மறுமுனை. உள்ளே போனவர் எப்போது வெளியே அனுப்பப்பட்டார்? அப்போது அவர் கையில் என்ன வேலை பாதியில் நின்றது? வீட்டுப் பொறுப்பெல்லாம் முடிந்து, மூச்சு விட்டு, இனி முழுசாக வேலை பார்க்கலாம் என்று நினைத்த வயதில் லேப் சாவி யார் கைக்குப் போனது? இதை யாரும் எழுதுவதில்லை. பணி நிறைவு விழா மலரில் புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்த யோசனை வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஜீன் ஷ்ரீவ். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. சுற்றிலும் கோதுமையும் பருப்பும் விளையும் மேட்டு நிலம். அங்குள்ள ஐடஹோ பல்கலைக்கழகத்தில் 1961-ல் வேலைக்குச் சேர்ந்து, 60 ஆண்டுகளுக்கு மேல் அதே ஊரில் ஃபுளோரின் வேதியியல் செய்தவர். ஃபுளோரின் சேர்மங்களில் வேலை பார்த்த யாரும் அவர் பெயரைத் தாண்டிப் போயிருக்க முடியாது. ஒரு கார்பனும் மூன்று ஃபுளோரின்களும் சேர்ந்த டிரைஃபுளோரோமெத்தில் தொகுதியை ஒரு மூலக்கூறில் ஒட்டவைப்பது எப்படி என்று தேடினால், சிலிக்கான் வினைபொருள்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டுத் தொகுப்புக் கட்டுரை கிடைக்கும். ஆக்சிஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபுளோரினை வைக்கும் டியாக்ஸோ-ஃபுளோர் என்ற வினைபொருளைப் பற்றித் தேடினால் 2002-ல் வந்த இன்னொன்று கிடைக்கும். இரண்டிலும் சிங், ஷ்ரீவ் என்ற இரண்டு பெயர்கள். என் பிஎச்.டி. நாட்களில் இந்தக் கட்டுரைகளின் நகல்களில் மஞ்சள் கோடு போடாத பக்கம் இல்லை. ஷ்ரீவ் அதை எழுதியபோது அவருக்கு என்ன வயது என்று அப்போது கணக்குப் போடத் தோன்றவில்லை. இப்போது அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

மான்டானாவிலிருந்து மாஸ்கோவுக்கு

1933 ஜூலையில் மான்டானா மாநிலத்தின் டீர் லாட்ஜ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், அம்மா பள்ளி ஆசிரியை. அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம். மான்டானா பல்கலைக்கழகத்தில் 1953-ல் இளங்கலை, மினசோட்டாவில் 1956-ல் பகுப்பாய்வு வேதியியலில் முதுகலை, பிறகு சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1961-ல் கனிம வேதியியலில் முனைவர் பட்டம். கைடு ஜார்ஜ் கேடி. ஃபுளோரின் என்றால் அந்தக் காலத்தில் முதலில் சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்று அது. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்துக்காக ஃபுளோரினில் வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு, ஆக்சிஜனோடு ஃபுளோரின் நேரடியாகப் பிணைந்திருக்கும் டிரைஃபுளோரோமெத்தில் ஹைப்போஃபுளோரைட் போன்ற சேர்மங்களைச் செய்து காட்டியவர்.

ஃபுளோரினோடு வேலை பார்ப்பது என்ன மாதிரியான வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வது கஷ்டம். இந்தத் தனிமத்தைப் பிரித்தெடுக்க முயன்று அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் நச்சேறிப் படுத்தார்கள், பெல்ஜியத்தின் லூயே செத்தே போனார். 1886 ஜூன் 26-ல் பாரிஸில் ஆன்ரி முவாசான்தான் கடைசியில் வென்றார். பிளாட்டினம்-இரிடியம் மின்முனைகளை வைத்து, கலத்தை உறைநிலைக்குக் கீழே 50 டிகிரி வரை குளிர்வித்து எடுத்தார். கண்ணாடியைத் தின்னும், தண்ணீரைப் பற்றவைக்கும், கரிமப் பொருள் எது கிடைத்தாலும் எரித்துவிடும் வாயு. ஹைட்ரஜன் ஃபுளோரைடு (எச்.எஃப்.) இன்னும் மோசம். மேலே பட்டால் முதலில் பெரிதாக வலிக்காது. தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், வலி பிறகுதான் தெரியும். எச்.எஃப். புழங்கும் லேபில் கையெட்டும் தூரத்தில் முதலுதவிக்கான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருந்தே ஆக வேண்டும். நான் படித்த இடத்தில் அந்த டியூபின் காலாவதித் தேதியை மாதா மாதம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது ஜூனியர் மாணவரின் வேலை. தேதி முடிந்த டியூப் கிடந்தால் அன்று யாரும் எதையும் தொடக் கூடாது.

ஷ்ரீவின் முனைவர் பட்டத்துக்கான பொருள் பெராக்சிடைசல்ஃபியூரில் டைஃபுளோரைடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கந்தகம் 2, ஆக்சிஜன் 6, ஃபுளோரின் 2, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு நோஞ்சான். சூடாக்கினால் மூலக்கூறு சரிபாதியாக உடைந்து இரண்டு ரேடிக்கல்களாகும். நிறமற்ற ஆவி அப்போது மஞ்சளாக மாறும். இதைச் செய்யும் முறையை ஷ்ரீவும் கேடியும் சேர்ந்து 1963-ல் செய்முறைத் தொகுப்பு நூல் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். செம்பு நாடாவின் மேல் வெள்ளி ஃபுளோரைடு பூச்சு ஏற்றி, அதை ஒரு குழாய் உலைக்குள் அடைத்து, 170 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, ஒரு பக்கம் ஃபுளோரின் வாயுவையும் இன்னொரு பக்கம் சல்ஃபர் டிரையாக்சைடு ஆவியையும் விட வேண்டும். ஃபுளோரின் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் வேண்டாத ஒரு பொருள் கூடவே வரும். ஃபுளோரின் ஃபுளோரோசல்ஃபேட் என்று பெயர். வெடிக்கும். அதை அகற்ற, கிடைத்த திரவத்தை உலர்பனியின் குளிரில் வைத்துக்கொண்டு பம்ப் போட்டு மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆபத்து.

இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி வேலை தெரிந்த கை சுலபத்தில் உருவாவதில்லை. வால்வை எவ்வளவு திருப்ப வேண்டும், எந்த மூட்டில் எந்த கிரீஸ் தாங்கும், செம்பு போதுமா மோனல் என்ற நிக்கல் உலோகக் கலவை வேண்டுமா, எந்தச் சத்தம் வந்தால் அப்படியே விட்டுவிட்டு வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று வருடக்கணக்கில் பார்த்தால்தான் பழகும். புத்தகத்தில் இருக்காது. ஒருவரை லேபிலிருந்து அனுப்பும்போது நாம் எதை அனுப்புகிறோம் என்று யோசிக்க இது போதும்.

சரி, 1961. அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகளில் பெண் ஆசிரியர்களே இல்லாத இடங்கள் ஏராளம். பல்கலைக்கழகங்கள் ஆண்-பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்று கட்டாயப்படுத்தும் சட்டங்கள் 1972-ல்தான் வந்தன. ஷ்ரீவ் சேர்ந்தது அதற்கு 11 ஆண்டுகள் முன்பு, மாஸ்கோவில். அங்கே துறைத் தலைவராக இருந்தவர் மால்கம் ரென்ஃப்ரூ. டூபாண்ட் கம்பெனியில் ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்கான டெஃப்லானைச் சந்தைக்குக் கொண்டுவந்த குழுவில் இருந்தவர். ஃபுளோரின் என்றால் என்ன என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு தலைவர் வாய்த்தது ஷ்ரீவுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1965-ல் இணைப் பேராசிரியர், 1967-ல் பேராசிரியர். 6 ஆண்டுகளில் இந்த உயர்வு. அதையொட்டி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எமலியஸிடம் ஓர் ஆண்டு. ஃபுளோரின் வேதியியலில் அவரும் ஒரு பெரிய தலை. அங்கிருந்து வேறெங்காவது தாவியிருக்கலாம். திரும்பி மாஸ்கோவுக்கே வந்தார்.

பேராசிரியராகி 5 ஆண்டுகளில், 1972-ல், அமெரிக்க வேதியியல் கழகம் பெண் வேதியியலாளர்களுக்காக வைத்திருக்கும் கார்வன் பதக்கம் கிடைத்தது. 1978-ல் அதே கழகத்தின் ஃபுளோரின் வேதியியலுக்கான விருது. இது ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவானது, அவருடைய கைடு கேடியும் வாங்கியது. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். மேடைகளில் முதலாவதைத்தான் சொல்கிறார்கள்.

நாற்காலியில் இருந்த வருடங்கள்

1973-ல் ரென்ஃப்ரூவுக்குப் பிறகு ஷ்ரீவ் துறைத் தலைவரானார். 1987 வரை, 14 ஆண்டுகள். அப்புறம் ஆராய்ச்சிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கும் பொறுப்பான துணை ப்ரோவோஸ்ட். நம் ஊர் வழக்கில் ஆராய்ச்சி டீன் என்று வைத்துக்கொள்ளலாம். அது 1999 வரை, இன்னொரு 12 ஆண்டுகள். மொத்தம் 26 ஆண்டுகள் நாற்காலியில். அந்தக் காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலையும் எனக்குப் பிடித்தமானது. ஆராய்ச்சிப் பணமெல்லாம் கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் என்று சில மாநிலங்களுக்கே போய்ச் சேர்கிறது என்பதால், மற்ற மாநிலங்களுக்கென்று மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. எப்ஸ்கோர் என்று பெயர். ஐடஹோவில் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஷ்ரீவ் முக்கியமானவர். சின்ன ஊரில் இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்பவருக்கு எது குறைகிறது என்று தெரிந்தவர் கையில் அந்த வேலை இருந்தது நியாயம்தான்.

நம் கல்லூரிகளில் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆகும் என்று இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாக் குழு வருகைக்கான ஃபைல்கள், இன்டர்னல் மதிப்பெண், அட்டவணை, ஸ்டாக் வெரிஃபிகேஷன். நாற்காலியில் ஏறும் நாளில் லேப் கோட்டைக் கழற்றி மாட்டியவர் மறுபடி அதைப் போடுவதில்லை. ஷ்ரீவ் விஷயத்தில் என்னை ஆச்சரியப்படுத்துவது, அந்த 26 ஆண்டுகளிலும் அவர் குழுவிலிருந்து கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன என்பது. மாணவர்களும் போஸ்ட்டாக்களும் தொடர்ந்து வந்தார்கள். அவர்களில் இந்தியர்கள் நிறையப் பேர். அடுப்பை அணைக்காமல் சிறுதீயில் வைத்திருந்தார் என்று சொல்லலாம். அவர் தனி மனுஷியாக எவ்வளவு உழைத்தார் என்பது ஒரு பாதி. அவருடைய லேபை, "நீங்கள்தான் நிர்வாகத்துக்குப் போய்விட்டீர்களே" என்று வேறு யாருக்கும் ஒதுக்கிக் கொடுக்காமல் அந்தப் பல்கலைக்கழகம் விட்டுவைத்தது இன்னொரு பாதி. இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1999-ல் நிர்வாகத்தை விட்டுவிட்டு முழுநேர ஆய்வுக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 66.

திருப்பம்

திரும்பி வந்து பழைய வேலையின் மிச்சத்தை எழுதி முடித்துவிட்டு ஓய்ந்திருந்தால் அதுவே மரியாதையான முடிவுதான். அவர் புதிதாக ஒரு துறைக்குள் நுழைந்தார். அப்போது அயனித் திரவங்கள் வேதியியலில் சூடு பிடித்திருந்தன. உப்பு என்றால் நமக்கு உருக்க 800 டிகிரி வேண்டிய சோடியம் குளோரைடு நினைவுக்கு வரும். நேர் அயனியைப் பெரிதாக, கோணல்மாணலாக வடிவமைத்தால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பையும் செய்ய முடியும். ஆவியாவது மிக மிகக் குறைவு. 2002-ல் ஷ்ரீவின் குழு, 1,2,4-டிரையசோல் வளையத்தில் ஃபுளோரின் நிறைந்த கரிமச் சங்கிலியைக் கோத்து அப்படிப்பட்ட உப்புகளைச் செய்தது. இது அவருடைய பழைய கைத்தொழிலிலிருந்து வந்தது. ஆனால் டிரையசோல் வளையத்தில் 3 நைட்ரஜன்கள் இருக்கின்றன. நைட்ரஜன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் மூலக்கூறுக்கு எப்போதும் நைட்ரஜன் வாயுவாக மாறிவிடத் துடிப்பு உண்டு. மாறும்போது பெரும் ஆற்றல் வெளியாகும். அந்த நேர் அயனிக்கு ஜோடியாக நைட்ரேட்டையோ நைட்ரஜன் மிகுந்த இன்னொரு வளையத்தையோ வைத்தால், கிடைக்கும் உப்பு எரிபொருளாகவோ வெடிபொருளாகவோ ஆகிவிடும்.

அந்த ஒரு நகர்வு அவருடைய தொழிலின் இரண்டாம் பாகத்தையே தீர்மானித்தது. ஆற்றல் மிகுந்த நைட்ரஜன் உப்புகளைப் பற்றி அவரும் சகாக்களும் எழுதிய நீண்ட தொகுப்பு 2006-ல் அங்கெவாண்டே கெமி என்ற ஆய்விதழில் வந்தது. டிரையசோல் போன்ற நைட்ரஜன் வளையங்களின், அதாவது அசோல்களின், உப்புகளைப் பற்றிய இன்னொன்று 2011-ல் கெமிக்கல் ரிவ்யூஸ் ஆய்விதழில். இந்தத் துறைக்குள் நுழையும் மாணவர் இன்றும் இந்த இரண்டையும் படித்துவிட்டுத்தான் மேற்கொண்டு போகிறார். முதலாவது வந்தபோது அவருக்கு 70 தாண்டிவிட்டது. இரண்டாவது வந்தபோது கிட்டத்தட்ட 78. 2020-களிலும் அவர் பெயரில் கட்டுரைகள் வந்தன.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது. அமெரிக்கக் கடற்படை, விமானப்படை, பாதுகாப்புத் துறை. ராக்கெட் எரிபொருளாகும் நச்சு ஹைட்ரசீனுக்கு, ஆவியாகி மூச்சில் ஏறாத ஒரு மாற்று. வெடிப்பைத் தொடங்கிவைக்க இதுவரை பயன்படும் லெட் அசைடுக்கு, ஈயம் இல்லாத மாற்று. தட்டினால் வெடிக்காத, தேவைப்பட்டால் மட்டும் வெடிக்கும் பொருள் என்று காரணங்கள் சொல்லலாம். அவை உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் ஆயுதம் ஆயுதம்தான். என் மாணவிகளுக்கு ஷ்ரீவைப் பற்றிச் சொல்லும்போது இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். சொல்லாமல் விடுவதில்லை. அவருடைய கைத்திறனை வியக்கிறேன், அந்தப் பொருள்கள் எங்கே போய்ச் சேரும் என்ற கவலையும் கூடவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஒரு காலத்தில் கட்டாய ஓய்வு இருந்தது. வயதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து அனுப்பக் கூடாது என்று 1986-ல் சட்டத்தைத் திருத்தியபோதும், நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர்களை 70 வயதில் அனுப்பலாம் என்று பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு 1993 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அந்த வருடம் ஜூலையில்தான் ஷ்ரீவுக்கு 60 நிறைந்தது. அந்த விலக்கு நீண்டிருந்தால் அவரை 2003-ல் அனுப்பியிருக்கலாம். 2002-ல் ஃபுளோரின் சங்கிலி கோத்த உப்புகள் வந்திருக்கும். 2006-ம் 2011-ம் வந்திருக்காது. நம் ஊர் விதி அங்கே இருந்திருந்தால், 1993-லேயே பொன்னாடை போர்த்தி அனுப்பியிருப்பார்கள். நல்ல துறைத் தலைவர், விருது வாங்கிய பேராசிரியர், திறமையான நிர்வாகி என்று மூன்று பேர் மேடையில் பேசியிருப்பார்கள். எதை இழந்தோம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அது அப்போது நடந்தே இருக்காது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் தடுக்கப்பட்டவரின் இழப்பையாவது அவரே வந்து சொல்வார், "எனக்கு இடம் தரவில்லை" என்று. 60-ல் கௌரவமாக அனுப்பப்பட்டவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

மேடம்

என் துறையில் ஒரு மேடம் இருந்தார். எனக்கு முன்பே அங்கே சேர்ந்தவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். கல்யாணம், இரண்டு குழந்தைகள், படுக்கையில் கிடந்த மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பகுதிநேரமாகப் பதிவு செய்து 40 வயதுக்குப் பிறகு பிஎச்.டி. முடித்தவர். அவர் செய்ததும் ஃபுளோரின்தான். சிலிண்டரில் அடைத்த வாயுவை எங்கள் மாதிரிக் கல்லூரியில் கனவிலும் தொட முடியாது. ஃபுளோரின் ஏற்கெனவே வளையத்தில் உட்கார்ந்திருக்கும் 4-ஃபுளோரோஅசிட்டோபீனோனை வாங்கி, ஆல்டிஹைடோடு சேர்த்து, சாராயத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கலக்கி, நொறுக்கிய ஐஸில் ஊற்றினால் மஞ்சளாகச் சால்கோன் விழும். அதை ஹைட்ரசீன் ஹைட்ரேட்டோடு கொதிக்கவைத்தால் பைரசோலின். தமிழ்நாட்டின் பாதிக் கல்லூரிகளில் இந்த வேலைதான் நடக்கிறது, இதில் என்ன புதுசு என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். மேடத்தின் கை தனி. அவர் செய்த பொருளின் தூய்மையைக் காட்டும் டி.எல்.சி. தட்டை அயோடின் ஜாடிக்குள் வைத்தால் ஒரே ஒரு புள்ளிதான் எழும்பும்.

மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி எங்களிடம் இல்லை. சாம்பிளைச் சின்னக் குப்பியில் போட்டு கூரியரில் சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். கார்பன் நிறமாலை வந்த அன்று மேடம் வகுப்பு முடிந்த கையோடு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 160-களில் ஒரு கார்பன் இரண்டாகப் பிளந்து நிற்கும், நடுவே 250 ஹெர்ட்ஸ் இடைவெளி. அதைச் சுற்றி வட்டம் போட்டு, "இந்தா பாரும்மா, ஃபுளோரின் இங்கதான் உட்கார்ந்திருக்கு. வேற எதுவும் கார்பனை இவ்வளவு தூரம் பிளக்காது" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மாமியார் காலமாகி, பிள்ளைகள் வேலைக்குப் போய், கடைசி நான்கைந்து வருடங்களில்தான் அவரால் ஆறு மணிவரை லேபில் இருக்க முடிந்தது. அவருடைய நல்ல வேலையெல்லாம் அந்த வருடங்களில் நடந்தது.

மே 31-ல் ஓய்வு. விழா நன்றாகத்தான் நடந்தது. "இனியாவது மேடம் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கட்டும்" என்று எல்லோரும் அன்போடு பேசினார்கள். மேடம் ஏற்புரையில், பைரசோலின் வரிசையில் இன்னும் நான்கு சேர்மங்களுக்கு நிறமாலை வர வேண்டும், அதைப் பார்க்க வருவேன் என்று சொன்னார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது வேடிக்கைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் நோ டியூஸ் படிவம். உடைந்த கண்ணாடிக் கலங்களின் கணக்கு, நூலகப் புத்தகங்கள், அலமாரிச் சாவி, லேப் சாவி. நிறமாலை வந்தபோது நான் போன் செய்தேன், மேடம் மறுநாளே வந்தார். இரண்டாவது முறை வந்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பி, பணியில் இல்லாதவர் ஆய்வகத்துக்குள் இருக்கக் கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். மேடமும் மரியாதையாகக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "விதின்னு ஒண்ணு இருக்கும்ல, அவங்களை என்ன சொல்ல முடியும்" என்று என்னிடம் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஈரம் படாமல் வைக்கும் டெசிகேட்டர் ஜாடிக்குள் அவர் கையெழுத்தில் எண் போட்ட குப்பிகள் இருக்கின்றன. அந்த வரிசையை நான் முடிக்கலாம். முயன்றுகொண்டும் இருக்கிறேன். ஆனால் நான்காவது சேர்மம் படிகமாக மறுக்கிறது. எண்ணெயாகவே நிற்கிறது. மேடத்திடம் போனில் கேட்டால், "கண்ணாடிக் கம்பியால உள்சுவரை லேசா கீறிப் பாரும்மா, இல்லைன்னா மெத்தனால்ல ரெண்டு சொட்டுத் தண்ணி" என்கிறார். அவர் பக்கத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் தெரியும். போனில் எண்ணெயின் தடிமனை எப்படிச் சொல்வது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஆய்வைத் தொடர யு.ஜி.சி. 2022-ல் ஓர் உதவித்தொகை அறிவித்தது. மாதம் 50,000 ரூபாய். இந்தியா முழுமைக்கும் 100 இடங்கள். விண்ணப்பிக்க, முழுநேர ஆய்வு மாணவர்கள் 10 பேருக்காவது வழிகாட்டி முனைவர் பட்டம் வாங்கித் தந்திருக்க வேண்டும். எங்கள் மேடம் மாதிரி, 40-க்கு மேல் பட்டம் வாங்கி, 55-க்கு மேல் சொந்தமாகச் செய்யத் தொடங்கியவருக்கு அது எந்தக் காலத்திலும் எட்டாது. விதி எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் மனதில் இருந்த ஓய்வு பெற்ற பேராசிரியர் 28 வயதில் பட்டம் வாங்கி, 30-ல் லேப் தொடங்கி, வீட்டில் சாப்பாடு தயாராக இருந்த ஒருவர். அவ்வளவுதான்.

ஓய்வு வயதையே எடுத்துவிட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நிரந்தர வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் என் பக்கத்து மேசையிலேயே இருக்கிறார்கள். மேடத்தின் பணியிடம் அவர்களில் ஒருவருக்குப் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சம்பளம் வேண்டாம், மேசைகூட வேண்டாம். மேடத்துக்கு வேண்டியதெல்லாம் வாரத்தில் இரண்டு நாள், லேபின் நச்சுப் புகையை உறிஞ்சும் ஃபியூம் ஹூடுக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி, அங்கே இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பேற்கும் ஒரு காப்பீடு, கட்டுரையில் கல்லூரி முகவரியைப் போட்டுக்கொள்ள ஒரு கௌரவப் பதவிப் பெயர். இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படாது, நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

இப்படி ஒரு கோரிக்கையை எழுதி எங்கள் முதல்வரிடம் கொடுத்திருக்கிறேன். மறுக்கவில்லை. "முன்மாதிரி ஏதாவது இருந்தால் காட்டுங்கள், குழுவில் வைக்கிறேன்" என்றார். ஐடஹோவைக் காட்டினால் அது அமெரிக்கா என்பார்கள். தமிழ்நாட்டிலோ பக்கத்து மாநிலத்திலோ உங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு லேபைப் பயன்படுத்த அனுமதி கொடுத்து உத்தரவு போட்டிருந்தால், அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பெயர்களை அடித்துவிட்டு அனுப்பினாலும் போதும். காப்பீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமாக வேண்டும். எங்கள் அலுவலகம் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் அதுதான்.